முதுகைத் திருப்பும் காட்சி

"சட்டை ரொம்ப நல்லா இருக்கும்மா, அதான் பிரச்சினை" என்றாள் உடைகளுக்குப் பொறுப்பான பெண். உதட்டோரத்தில் இரண்டு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசினாள். "கழட்டிடுங்க. நான் வேற தர்றேன்."

டால்வா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். ஆகாய நீலத்தில் சட்டை, அதே துணியில் கணுக்கால்வரை பாவாடை, கழுத்திலிருந்து இடுப்புவரை முத்துப் பொத்தான்கள். முந்தின நாள் மூன்று தடவை இஸ்திரி போட்டது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் அவரைக்குழம்பும் வெங்காயமும் மணக்கும் மேலங்கியோடு நிற்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் முன்னால் நிற்பதற்கென்றே துணி எடுத்துத் தைத்த உடுப்பு. அவள் சபைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். வீட்டுக் கூரை ஒழுகும், வாசலில் சாக்கடை ஓடும். ஆராதனைக்குத் தெருவில் இறங்கினால் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரித்தான் போவார்கள். இந்தப் பெண் நீட்டியதோ சேற்று நிறத்தில் ஒரு பாவாடை, முழங்கை நைந்துபோன சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. ரியோவின் ஜனவரி வெயிலில் கம்பளி.

"எங்க சபையில இப்படி யாரும் வரமாட்டாங்களே" என்றாள் டால்வா.

"வரமாட்டாங்களா இருக்கும். டிவில வருவாங்க."

ஒப்பனைக்காரி டால்வாவின் இடுப்புவரை நீண்ட, ஒருநாளும் கத்தரி படாத கூந்தலைத் தூக்கிப் பார்த்து, இதற்கு மேல் தான் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி, கண்ணுக்குக் கீழே மட்டும் சாம்பல் பொடியைத் தடவிவிட்டாள். சோகமாகத் தெரிய வேண்டுமாம். பக்கத்து நாற்காலியில் நோயேமி சிஸ்டர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னாள்: "காலையில வீட்டை விட்டுக் கிளம்பறப்போ நான் சுமங்கலி. ஒரு மணி நேரத்துல விதவை ஆக்கிட்டாங்க. என் புருஷன் பார்த்தா தன்னையே தேடுவான்." கூட வந்த மற்ற நான்கு சபைச் சகோதரிகளும் சிரித்தார்கள். ஒப்பனைக்காரிக்கும் சிரிப்பு வந்தது. டால்வாவுக்கு வரவில்லை. கழற்றிய நீல உடுப்பை மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து, கசங்கிவிடக்கூடாதென்று மடியில் கிடத்திக்கொண்டாள்.

அவளுக்கும் இவர்கள் எடுக்கும் ஒன்பது மணி டிவி தொடருக்கும் இரண்டு வருடமாகச் சண்டை. தொடரில் கிளேயா என்று ஒரு வேலைக்காரி வருவாள். பெந்தெகொஸ்தே விசுவாசி. முழங்கால் தாண்டிய பாவாடை, எண்ணெய் வழியும் கொண்டை. தொலைபேசி மணி அடித்தாலும் "இயேசுவின் இரத்தம் ஜெயம்!" என்று கத்திக்கொண்டு விளக்குமாற்றை ஓங்குவாள். அவள் வந்தாலே நாடு முழுக்கச் சிரிக்கும். தன் ஊரான பெல்போர்ட் ரோஷோவில் டால்வா காலையில் ரொட்டிக்கடை வரிசையில் நின்றால் பின்னாலிருந்து யாராவது, "கிளேயா சிஸ்டர், ரொட்டிக்குள்ள பிசாசு இருக்கா பாருங்க" என்பார்கள். தெரிந்தவர்கள்தான், கெட்டவர்களும் இல்லை. இவள் சமைத்துப்போட்டு வளர்ந்த பையன்கள். ஆரம்பத்தில் சிரித்து வைத்தாள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, கூட்டத்தில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "விளக்குமாத்தைக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க டால்வா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சமையலறைக்கு வரும் எண்ணெய் கெட்டுப்போனது என்று சொல்ல வந்தவள் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தொடர் ஆரம்பித்ததும் கூடத்தில் நின்றுகொண்டே பார்ப்பாள், பார்த்துக்கொண்டே திட்டுவாள். "பொய்! எந்த ஊர்ல இப்படி ஜெபம் பண்றாங்க? எந்தப் போதகர் தங்கப் பல் கட்டியிருக்கார்? பொய்!" சோபாவில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் மகள் கெசியா ஒலியைக் கூட்டுவாள்.

அந்தக் கெசியாதான் அவளை இங்கே அழைத்து வந்தது. கெசியா ஒரு வருடமாகத் துணை நடிகையாக, கூட்டத்தில் நிற்கிறவளாக, இந்தப் படப்பிடிப்பு அரங்குக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். கடற்கரையில் நடக்கிறவள், வங்கி வரிசையில் நிற்கிறவள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அழுகிறவள். கூட்டம் சேர்த்துக் கொடுக்கிற ஆடில்சன் ஒருநாள் அவளிடம், "உங்கம்மா விசுவாசிதானே? அசல் முடி, அசல் பாவாடையோட ஆறு பேரைக் கூட்டிட்டு வா. காட்சி நல்லா வந்துச்சுன்னா உன்னை எனக்கு உதவியாளரா வெச்சுக்கறேன். மாசச் சம்பளம், வேலைப் புத்தகத்துல கையெழுத்து" என்றிருந்தான். இருபத்தோரு வயதில், மூன்று வயதுக் குழந்தையோடு, கையெழுத்துப் போட்ட நிரந்தர வேலை. டால்வாவுக்கு அதன் அருமை தெரியும். "என்ன காட்சி?" என்று கேட்டதற்குக் கெசியா, "ஆராதனைம்மா. பெஞ்சுல உக்காரணும், ஆமென் சொல்லணும். தினமும் பண்றதுதானே" என்றாள். பள்ளிக்கூடம் விடுமுறை. டால்வா ஐந்து சகோதரிகளைச் சேர்த்தாள். ஒருமுறையாவது டிவியில் ஒழுங்கான விசுவாசி ஒருத்தி தெரியட்டும் என்ற நினைப்பும் அவளுக்குள் இருந்தது. அதற்காகத்தான் நீல உடுப்பு.

அரங்குக்குள் பலகையாலும் அட்டையாலும் ஒரு சபை கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு பெஞ்சு, நடுவில் நடைபாதை, முன்னால் பிரசங்கமேடை. மேடைக்குப் பின்சுவரில் ஆளுயரச் சிலுவை, அதில் இரத்தம் வழியும் சொரூபம். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்திகள். நோயேமி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சிஸ்டர், தப்பான வீட்டுக்கு வந்துட்டோமா? நம்ம சபையில அவர் மூணாம் நாளே எழுந்து போயிட்டாரே, இங்க இன்னும் சிலுவையிலிருந்து இறக்கவே இல்லையே."

அரங்க அலங்காரம் செய்கிற பெண்ணிடம் டால்வா மெதுவாகச் சொன்னாள், பெந்தெகொஸ்தே சபையில் சொரூபம் இருக்காது, மெழுகுவர்த்தியும் இருக்காது என்று. அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனா பார்த்தவுடனே கோயில்னு மக்களுக்குத் தெரியணும்ல அக்கா" என்றாள். சேற்று நிறப் பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஆறு பேரும் போய் முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். பின் வரிசைகளில் விசுவாசிகள் அல்லாத துணை நடிகர்கள், மடியில் பைபிளைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் ஒட்டாவியோ வந்தார். தாடி நரைத்த, களைத்த மனிதர். அதட்டுகிற குணம் இல்லை. முதல் வரிசைக்கு வந்து எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுக் காட்சியைச் சொன்னார். பதினேழு வயதுப் பெண், கல்யாணமாகாமல் கர்ப்பம். ஆராதனை நடுவில் ஓடிவந்து மேடை முன்னால் விழுந்து அழுவாள். போதகர் அவளைப் பெயர் சொல்லிச் சபிப்பார். சபை முழுக்க எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும். "அவ்வளவுதான். வசனம் ஒண்ணும் கிடையாது. உங்க முதுகுதான் நடிக்கும்."

டால்வா திரும்பி மகளைத் தேடினாள். கெசியா கேமராவுக்குப் பக்கத்தில், இடுப்பில் வாக்கிடாக்கி வானொலிக் கருவியோடு, கையிலிருந்த தாளில் எதையோ மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பக்கத்தை, வெகுநேரமாக.

விளக்குகள் எரிந்தன. நடிகர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். நல்ல குரல். அவர் பைபிளிலிருந்து வாசித்த சங்கீதம் உண்மையான சங்கீதம்தான். சகோதரிகளுக்குத் தங்களையறியாமல் வாய் திறந்துவிட்டது. சொல்லச் சொன்ன இடத்தில் இல்லாமல், சொல்ல வேண்டிய இடத்தில் ஆமென் சொன்னார்கள். பின்னாலிருந்து கதவு திறந்தது. அந்தச் சின்ன நடிகை நடைபாதையில் ஓடிவந்து, மேடை முன்னால் பலகைத் தரையில் முழங்கால் மோத விழுந்து, விம்மி அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. சபையில் ஒருத்தி முன்னால் வந்து முழங்காலில் விழுந்து அழுதால், பக்கத்தில் இருக்கிற பெண்கள் எழுந்து போவார்கள். போதகர் சொல்லத் தேவையில்லை. ஒருத்தி தலையில் கைவைப்பாள், ஒருத்தி தோளில், ஒருத்தி கைக்குட்டை நீட்டுவாள், எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். முப்பது வருடமாக டால்வாவின் முழங்காலுக்குத் தெரிந்தது அதுதான். யோசிக்குமுன் அவள் தரையில் இருந்தாள். நோயேமியின் கை அந்தப் பெண்ணின் முதுகில் இருந்தது. மற்ற நான்கு பேரும் சுற்றி நின்று, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைப் பாரும், இந்தப் பிள்ளையைத் தொடும்" என்று ஆறு குரலாக எழுப்ப, நடுவில் மாட்டிக்கொண்ட நடிகை அழுகையை மறந்து விழித்தாள். போதகர் வேடக்காரர் சபிக்க ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"கட்! கட்!"

அரங்கமே சிரித்தது. ஒட்டாவியோவும் சிரித்துவிட்டார். "அம்மா, நீங்க காப்பாத்திட்டா என் கதை இன்னிக்கே முடிஞ்சிரும். இன்னும் எண்பது நாள் ஓட்டணும்." நோயேமி வெட்கத்தோடு, "பழக்கதோஷம் சார், கை தானா போயிருச்சு" என்றாள். நடிகையின் முழங்காலுக்கு ஐஸ் வைத்தார்கள். பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். ஆடில்சன் சிரிக்கவில்லை. கெசியாவிடம் போய் விரலை நீட்டி ஏதோ சொன்னான்.

அரங்கின் பின்பக்கம், ஒட்டுப்பலகைச் சுவருக்கு முட்டுக்கொடுத்த மணல் மூட்டைகளுக்கு நடுவில், டால்வா மகளைப் பிடித்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா?" கெசியா வானொலிக் கருவியின் ஒலியைக் குறைத்தாள். "தினமும் டிவியைப் பார்த்துப் பொய், பொய்னு கத்துறியே. இது பொய்யா? சொல்லு. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் கெசியாவின் பெயரை வாசித்தார். சபை ஒழுங்கின்படி அவள் இனிப் பாடகர் குழுவில் இல்லை, திருவிருந்து இல்லை, பின் பெஞ்சில் உட்கார வேண்டும். யாரும் சபிக்கவில்லை, தங்கப் பல்லும் இல்லை. போதகர் குரல்கூட நடுங்கியது. பெயர் வாசிக்கப்படுகிறவர் எழுந்து நிற்பது வழக்கம். வீட்டார் அவரோடு எழுந்து நிற்பதும் வழக்கம்தான். பதினேழு வயதுக் கெசியா எழுந்து நின்றாள். டால்வா எழவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஏதோ ஒரு பக்கத்தில் பார்வையைப் போட்டு, அது முடியும்வரை எடுக்கவேயில்லை. பிறகு மகள் தனியாகப் பின்னால் நடந்துபோன சத்தம் கேட்டது. மூன்று ஞாயிறு பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்காவது ஞாயிறு வரவில்லை. அதோடு சரி.

"பொய் இல்ல" என்றாள் டால்வா. "பாதி."

"என்ன பாதி?"

"போதகர்கிட்ட போட்டுக் கொடுத்ததே நோயேமிதான். குழந்தை பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரில காவலாளியோட சண்டை போட்டு உள்ள வந்து உனக்குக் கோழி ரசம் ஊட்டினதும் அவதான். தன் வீட்டுத் தொட்டிலைத் தலையில தூக்கிட்டு வந்தா. இவங்க அதையும் காட்டணும்ல?"

"எனக்கு வேண்டியிருந்தது தொட்டில் இல்லைம்மா." கெசியாவின் குரல் உயரவில்லை. "எனக்குக் கிடைச்சது இந்தப் பாதிதான். அதைத்தான் இன்னிக்கு எடுக்கறாங்க." அவள் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஆடில்சன் பார்த்துட்டே இருக்கான். எனக்கு இந்த வேலை வேணும். போய்த் திரும்பி நில்லு. அன்னிக்கு என்னைப் பார்க்காம இருந்த மாதிரி இரு, போதும். உனக்கு ஒண்ணும் புதுசு இல்லையே."

மறுபடி விளக்குகள். மறுபடி சங்கீதம். அந்தப் பெண் ஓடிவந்து விழுந்தாள். போதகர் கை ஓங்கினார். பெஞ்சுகள் கிறீச்சிட, கம்பளிச் சட்டைகள் உரசச் சபை எழுந்து திரும்பியது. நோயேமியும் திரும்பினாள், திரும்பும்போது வாயசையாமல், "திரும்புங்க சிஸ்டர், பொண்ணு பிழைப்பு" என்றாள். டால்வா எழுந்து நின்றாள். ஆனால் திரும்பவில்லை. முதல் தடவை முழங்கால் தானாக மடங்கியது. இந்தத் தடவை அவள்தான் அதை நேராக நிறுத்தி வைத்தாள்.

"கட். முன் வரிசை அம்மா..." ஒட்டாவியோ கேமராவைச் சுற்றிக்கொண்டு வந்தார். "என்னம்மா?"

"எங்க முடி வேணும் சார் உங்களுக்கு" என்றாள் டால்வா. பள்ளிக்கூடக் கூட்டத்தில் வராத குரல் இங்கே வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எங்க பாவாடை வேணும், எங்க ஆமென் வேணும். ஆனா நாங்க போட்டுட்டு வந்த நல்ல துணி வேணாம். சபையில சொரூபம் கிடையாதுன்னு சொன்னா அந்தப் பேச்சு வேணாம். அந்தப் புள்ள விழுந்தப்போ நாங்க எழுந்து போனோமே, அது சிரிப்பா இருந்துச்சு உங்களுக்கு. கதைதானே சார், உங்க நடிகைகளை வெச்சே எடுத்திருக்கலாமே. எங்க மூஞ்சி எதுக்கு?"

"யாரையும் குறிச்சு எடுக்கலம்மா. இப்படி நடக்கறது இல்லையா, சொல்லுங்க. எனக்கு எழுதி அனுப்பறாங்க, இந்த மாதிரிப் பொண்ணுங்க."

"நடக்குது. நானே பண்ணியிருக்கேன். என் சொந்த மகளுக்கு." கெசியா இருந்த பக்கம் டால்வா பார்க்கவில்லை. "அதுக்கப்புறம் என்னன்னு நீங்க எடுக்க மாட்டீங்க."

ஒட்டாவியோ உண்மையாகவே கேட்டார்: "அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

டால்வா கோழி ரசத்தையும் தொட்டிலையும் சொல்லியிருக்கலாம். அவை நோயேமியுடையவை.

"நான் இன்னும் ஒண்ணும் பண்ணல சார்."

இயக்குநர் மணிக்கட்டைப் பார்த்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், மாலைக்குள் இன்னும் நான்கு காட்சி இருந்தது. "அம்மாவைப் பின்னாடி உக்கார வைங்க. கேமராவுல வர வேணாம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். ஆடில்சன் கெசியாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கெசியா வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். நடைபாதை நெடுகக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது, மகளின் விரல்கள் சில்லிட்டிருந்தது டால்வாவுக்குத் தெரிந்தது.

பின் பெஞ்சிலிருந்து மேடை தெரியவில்லை. கொண்டைகளும் கழுத்துகளும்தான் தெரிந்தன. முப்பது வருடத்தில் அவள் ஒருநாளும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. முதல் வரிசை அவள் இடம், அங்கிருந்து பார்த்தால் எல்லாமே பக்கத்தில் இருக்கும். இங்கே சங்கீதம் வேறு யாருக்கோ வாசிப்பது போல வந்தது. ஆமென் சொல்லத் தோன்றவில்லை. மூன்று ஞாயிறு. பதினேழு வயதில் கெசியா, வாந்தியை அடக்கிக்கொண்டு, இதைப் பார்த்துக்கொண்டு.

கதவு திறந்தது. அந்தப் பெண் அவளைக் கடந்து ஓடினாள். விழுந்த சத்தம் கேட்டது. போதகர் பெயரைச் சொல்லிச் சபிக்க ஆரம்பித்தார். பெஞ்சுகள் கிறீச்சிட்டன, சபை முழுக்க எழுந்து மேடைக்கு முதுகைத் திருப்பியது. திரும்பியதும் அத்தனை முகமும் கடைசிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றது.

டால்வா எழுந்தாள். கம்பளிச் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதைப் பெஞ்சின் மேல் போட்டாள். உள்ளே சாதாரண வெள்ளை உள்சட்டை, வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நடைபாதையில் இறங்கி நடந்தாள். ஓடவில்லை. இருபுறமும் முகங்கள் அவளை நோக்கி இருந்தன. சிலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள், சிலருக்கு வாய் கோணியது, அவர்களும் நடிக்கத்தானே வந்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு சகோதரி அழுதுகொண்டிருந்தாள். நோயேமி மட்டும் கட்டிய கையை அவிழ்க்காமல், டால்வா கடந்து போகையில் அரை அடி நகர்ந்து வழிவிட்டாள். கண்ணாடிக் கண்ணோடு கேமரா தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்து வந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் குரல் கொடுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

மேடை முன்னால் வந்து முழங்காலில் நின்று, அழுகிற பெண்ணின் தலையில் கைவைத்தாள். அது அவள் முடி இல்லை, ஒட்டுமுடி; விரலுக்கு அடியில் ஊசிகள் தட்டுப்பட்டன. அந்த ஊசிகளுக்கும் கீழே சூடாக ஒரு தலை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னப் பெண் தலையை விலக்கவில்லை. கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்ந்தாற்போலக்கூட இருந்தது. டால்வா ஜெபிக்க வாயெடுத்தாள். நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும் வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. தலைக்கு மேலே போதகர் தன் வசனத்தை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

முதுகுகளுக்கு அப்பாலிருந்து காலடிச் சத்தம் வந்தது. விளக்குகளைத் தாண்டி, தரையில் கிடந்த வயர்களைத் தாண்டி, நடைபாதையில். டால்வா தலையைத் தூக்கவில்லை. பலகைத் தரையில், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் காலணிகள் வந்து நின்றன. இடது கால் விரல் பக்கம் பிய்ந்து, நீலப் பசைநாடா ஒட்டியிருந்தது. இடுப்பிலிருந்த வானொலிக் கருவி கரகரத்து, "கெசியா... கெசியா, என்ன பண்ற அங்க?" என்றது. மறுபடியும் கேட்டது. காலணிகள் அசையவில்லை. விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அவற்றின் நிழல் நீண்டு, தரையில் ஊன்றியிருந்த டால்வாவின் இடது கையை மூடியிருந்தது.